தைராய்டு ஃபைலும் கண் ஃபைலும் ஒரே பையில இருக்கட்டும்

"தைராய்டு இருந்தா கண்ணுல பிரஷர் ஏறி பார்வை போயிடுமாமே அக்கா?" இந்தக் கேள்வி இப்ப தேவகோட்டையில கல்யாணப் பந்தி வரைக்கும் வந்தாச்சு. யாரோ அனுப்பின வாட்ஸ்அப் தகவலைப் படிச்சுட்டு, ஒருத்தி காலைல போடுற தைராய்டு மாத்திரையையே நிறுத்தி வச்சிருக்கா. அதனால முதல் டிப்ஸ் இதுதான்: நாளைக்கு எழுந்ததும் வெறும் வயித்துல அந்த மாத்திரையைப் போடு. மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

நான் டாக்டர் இல்ல. அம்மாவுக்கு கிளாகோமா, எனக்கு தைராய்டு. காரைக்குடிக்கும் மதுரைக்கும் ஃபைலைத் தூக்கிட்டு அலைஞ்சு, டாக்டருங்களைக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் சொல்றேன். எது உறுதியானது, எது இன்னும் சந்தேகத்துல இருக்குன்னு பிரிச்சே சொல்றேன். ஹார்மோன்னு மொத்தமாப் போட்டுக் குழப்பினா, பயப்பட வேண்டாததுக்கு பயந்துட்டு, பயப்பட வேண்டியதைக் கோட்டை விட்டுடுவோம்.

முதல்ல கண் பிரஷர்னா என்னன்னு பார்த்துடு. ரத்தக் கொதிப்பு வேற, இது வேற. பி.பி. நார்மலா இருக்கிறவங்களுக்கும் கண் பிரஷர் ஏறலாம். கண்ணோட முன்பக்கம் தண்ணி மாதிரி ஒரு திரவம் ஊறிக்கிட்டே இருக்கும், ஒரு சல்லடை வழியா வடிஞ்சுக்கிட்டே இருக்கும். நம்ம வளவு முற்றத்துல மழைத்தண்ணி விழுந்து, மூலை ஓட்டை வழியா வெளியே போகுதில்ல, அந்தக் கணக்குதான். ஓட்டையில குப்பை அடைச்சா தண்ணி கட்டும். கண்ணுல கட்டினா உள்ளே அழுத்தம் ஏறி, பின்னாடி இருக்கிற பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாச் செத்துப்போகும், அதுதான் கிளாகோமா. சாதாரணமா 10-லேருந்து 21 வரைக்கும் இருக்கலாம்பாங்க. அதுக்குள்ள இருந்தும் நரம்பு கெடுறவங்க உண்டு. அதனால நம்பரை மட்டும் கேட்டுட்டு வந்துடாதே.

பெரும்பாலும் இந்த நோய் வலிக்காது, சிவக்காது, பேப்பர் படிக்க முடியும், ஊசியில நூல் கோர்க்க முடியும். ஓரப் பார்வைதான் முதல்ல போகும். ஒரு கண்ணு விட்டதை இன்னொரு கண்ணு ஈடுகட்டிடும். நிலைப்படியில இடிச்சுக்கிறது, பந்தியில பக்கத்து இலைத் தண்ணி டம்ளரைத் தட்டி விடுறது, இதெல்லாம் ஆரம்பிக்கிறப்போ நோய் ரொம்ப தூரம் போயிருக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரங்க தமிழ்நாட்டோட மூணு தென் மாவட்டங்கள்ல, 40 வயசு தாண்டின 5,150 பேரைப் பரிசோதிச்சு 2003-ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. நூத்துக்கு 2.6 பேருக்கு ஏதோ ஒரு வகை கிளாகோமா இருந்துச்சு. அதுல ரொம்பப் பரவலான, சத்தமில்லாத வகை இருந்தவங்கள்ல 93 சதவீதம் பேருக்கு அது இருக்கிறதே அதுவரைக்கும் தெரியாது. இன்னொண்ணு, அந்த ஆய்வுல பொம்பளைங்களைவிட ஆம்பளைங்களுக்குத்தான் அதிகமா இருந்தது. அதனால வீட்டுக்காரரையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போ. "எனக்கு நல்லாத் தெரியுது"ம்பார், காதுல வாங்காதே.

இப்ப ஹார்மோனுக்கு வருவோம்.

நூத்துக்கு நூறு உறுதியான தொடர்பு தைராய்டுல இல்ல, மெடிக்கல் ஷாப்புல இருக்கு. ஸ்டீராய்டைத்தான் சொல்றேன். கிட்னிக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோனைச் சுரக்குது. ஸ்டீராய்டு மருந்தெல்லாம் அதோட நெருங்கின சொந்தம். உடம்பே கார்ட்டிசாலை அதிகமாச் சுரந்தா வர்ற குஷிங் நோய்லயும் கண் பிரஷர் ஏறலாம். ஆனா அது அபூர்வம். கடையில வாங்கி நாமளே ஏத்திக்கிறதுதான் தினம் நடக்கிறது. அந்த மருந்து கண்ணுல தண்ணி வடியிற சல்லடையையே இறுக்கிடும்.

எல்லாருக்கும் ஏறாது. 1960-கள்ல அமெரிக்காவுல ஆர்மாலி, பெக்கர்னு ரெண்டு கண் டாக்டருங்க இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஸ்டீராய்டு சொட்டை வாரக்கணக்குல விட்டா, சுமாரா மூணுல ஒருத்தருக்குப் பிரஷர் ஓரளவு ஏறுது, நூத்துக்கு நாலஞ்சு பேருக்குத் தாறுமாறா ஏறுது. யாருக்கு ஏறும்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்காது. வீட்ல கிளாகோமா இருக்கிறவங்களுக்கு வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான் முன்கூட்டிச் சொல்ல முடியும்.

நம்ம ஊர்ல இது எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு கேளு. சித்திரை வைகாசி வெயில்ல, புழுதியில, பசங்க கண்ணைக் கசக்கு கசக்குன்னு கசக்கும். அலர்ஜிதான். போன வருஷம் டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கும், அதையே திரும்ப விடுவோம். இல்லேன்னா காலி பாட்டிலைக் காட்டி "இதே மருந்து கொடுங்க"ன்னு வாங்கிட்டு வருவோம். ரெண்டு நாள்ல அரிப்பு நின்னுடும், பிள்ளையும் சந்தோஷமா விளையாடும். அதனாலதான் நிறுத்த மனசே வராது. வருஷா வருஷம், மாசக்கணக்கா இப்படி விட்டு, பத்துப் பன்னிரண்டு வயசுலேயே நரம்பு கெட்டுப்போன பிள்ளைங்க தமிழ்நாட்டுக் கண் ஆஸ்பத்திரிகள்ல புதுசு இல்ல. மெட்ராஸ் ஐ சீசன்லயும் இதே கதைதான். மெட்ராஸ் ஐ வைரஸால வர்றது, பெரும்பாலும் தானாவே போயிடும். வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்கி எல்லாரும் விட்டுக்கிறது வேண்டவே வேண்டாம்.

பாட்டிலைத் திருப்பி மருந்துப் பேரைப் படி. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன்... பேர் 'சோன்', 'லோன்'னு முடிஞ்சா சந்தேகப்படு. ஆன்டிபயாட்டிக்கோட கலந்தும் வரும், அட்டையில ரெண்டாவது வரியில பொடி எழுத்துல இருக்கும். கண்ணு தெரியலேன்னா போன்ல போட்டோ எடுத்துப் பெரிசாக்கிப் பாரு. இந்தச் சொட்டு கெட்ட மருந்து இல்ல, கண் புரை ஆபரேஷனுக்கு அப்புறம் இது கட்டாயம் வேணும். எத்தனை நாள், எப்படிக் குறைக்கணும்னு டாக்டர் சொன்னதோட நிறுத்திக்கணும், நடுவுல பிரஷர் பார்க்கணும். அவ்வளவுதான்.

அடுத்து முகத்துக்குப் போடுற க்ரீம். கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கிறப்போ, "பத்து நாள்ல கலர் வரும்"னு ஒரு ட்யூப் கைக்குக் கை மாறும். அதுல மொமெட்டசோன், க்ளோபெட்டசால்னு இருந்தா அது ஸ்டீராய்டு. இமையிலயும் கண்ணைச் சுத்தியும் மாசக்கணக்குல தடவினா கண்ணுக்குள்ளேயும் போய்ச் சேரும். இந்த மாதிரி க்ரீம்களைச் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு 2018-லயே மத்திய அரசு விதியை இறுக்கிடுச்சு. ஆனாலும் கேட்டா கிடைக்குது, அது உனக்கே தெரியும். கருப்பா இருந்தா என்ன குறைஞ்சு போச்சுன்னு நான் கேட்டா "உங்களுக்கென்னக்கா"ம்பீங்க, அதனால அதோட விட்டுடுறேன்.

மூட்டு வலிக்கு "ஒரே வாரத்துல கேட்கும்"னு சொல்ற பேர் தெரியாத பொடி, மாத்திரை, உடம்பு பூசுறதுக்குன்னு விக்கிற மருந்து, இதுலயெல்லாம் ஸ்டீராய்டைக் கலந்து விக்கிறது உண்டு. அதிசயமா வேலை செய்யுற எந்த மருந்தையும் சந்தேகப்படு. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுற இன்ஹேலர்ல டோஸ் கம்மி, அதை நிறுத்தாதே. வருஷக்கணக்கா எடுத்தா கண்ணைக் காட்டிக்கோ, போதும். ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க இதைப் படிச்சுட்டு இன்னைக்கே தூக்கிப் போட்டுடாதீங்க. வெளியேயிருந்து வந்துக்கிட்டே இருந்ததுல அட்ரினல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீர்னு நிறுத்தினா மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். டாக்டர் படிப்படியாக் குறைப்பாங்க.

ரெண்டாவது உறுதி, சர்க்கரை. இன்சுலினும் ஹார்மோன்தானே. சர்க்கரை ரொம்ப நாள் கட்டுப்படாம இருந்தா விழித்திரைக்கு ரத்த ஓட்டம் குறையும். ரத்தம் போதலைன்னு அது கூப்பாடு போட, புதுசு புதுசா நொய்ஞ்ச ரத்தக் குழாய் முளைக்கும். அது விழித்திரையோட நிக்காம முன்பக்கம் வந்து, தண்ணி வடியிற இடத்தையே மூடிடும். இந்த வகை கிளாகோமா சும்மா இருக்காது, கண்ணு சிவந்து, வலிச்சு, பார்வையைச் சீக்கிரம் கொண்டுபோயிடும். இதுல நம்ம ஆட்கள் ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. "வருஷா வருஷம் சர்க்கரைக்குக் கண்ணு பார்க்கிறோமே"ம்பாங்க. அங்கே பார்க்கிறது பெரும்பாலும் விழித்திரையை மட்டும். பிரஷரும் பாருங்க, நரம்பும் பாருங்க, தண்ணி வடியிற கோணமும் பாருங்கன்னு வாயைத் திறந்து கேளு. கோணத்தைக் கண்ணை விரிக்கிற சொட்டு விடுறதுக்கு முன்னாடி பார்க்கணும், அதனால உட்கார்ந்த உடனேயே சொல்லிடு.

மூணாவதுதான் தைராய்டு. இதுல ரெண்டு கதை இருக்கு, ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதே.

தைராய்டு அதிகமாச் சுரக்கிற கிரேவ்ஸ் நோய்ல கண்ணு வெளியே தள்ளும், இமை மேலே ஏறிடும், முழிச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கும். கண்ணுக்குப் பின்னாடி தசையும் கொழுப்பும் வீங்குறதுதான் காரணம். அந்த வீக்கம் கண்லேருந்து ரத்தம் திரும்பிப் போற குழாயை நெருக்குறதால பிரஷரும் ஏறும். இறுகின தசை இழுக்கிறதால, மேலே பார்க்கிறப்போ நம்பர் கூடக் காட்டும். அதனால அளக்கிறவங்ககிட்ட "எனக்கு தைராய்டு கண்"னு முன்னாடியே சொல்லிடு. நிறமெல்லாம் வெளிறித் தெரிஞ்சா, குறிப்பாச் சிவப்பு மங்கினா, அல்லது ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதே. இந்தக் கண் நோய்க்கு வைத்தியமே சில நேரம் ஸ்டீராய்டுதான், அப்ப கண்காணிப்பு ரெண்டு மடங்கு வேணும். சிகரெட் இதைக் கட்டாயம் மோசமாக்கும். நீ பிடிக்கலேன்னாலும் திண்ணையில உட்கார்ந்து ஊதுறவரை எழுப்பி விடலாம், தப்பே இல்ல.

தைராய்டு குறைவா இருக்கிறதுதான் நம்மள்ல நிறையப் பேருக்கு. வாட்ஸ்அப் பயமும் இதைப் பத்தித்தான். தைராய்டு குறைஞ்சா சில கொழகொழப்பான பொருள் உடம்புல தேங்கும், அது கண் சல்லடையிலயும் தேங்கலாம்னு ஒரு விளக்கம் இருக்கு. ஆஸ்திரேலியாவுல ப்ளூ மவுன்டன்ஸ் பகுதியில நடந்த கண் ஆய்வுல, தைராக்ஸின் மாத்திரை போடுறவங்ககிட்ட கிளாகோமா கொஞ்சம் அதிகமாத் தெரிஞ்சுது. வேற ஆய்வுகள்ல அப்படி ஒண்ணும் தெரியல. மாத்திரை போடுறவங்கன்னா நோய் இருக்கிறவங்கதானே, அதனால மாத்திரைதான் கிளாகோமாவைக் கொண்டு வந்துச்சுன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. என் தீர்ப்பு இதுதான்: தைராய்டு குறைவு தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டிய காரணம் இல்ல, ஒரு தடவை முழுசாக் கண்ணைக் காட்டிக்கிறதுக்கு நல்ல சாக்கு.

மாதவிடாய் சீக்கிரம் நின்னவங்க கொஞ்சம் காதைக் கொடுங்க. ஈஸ்ட்ரோஜன் பார்வை நரம்புக்கு ஓரளவு காவல்னு டாக்டருங்க நினைக்கிறாங்க. நெதர்லாந்துல ரோட்டர்டாம் ஆய்வுன்னு ஒண்ணு, 2001-ல வெளியானது. 45 வயசுக்கு முன்னாடியே தானா நின்னவங்களுக்கு, 50-க்கு மேல நின்னவங்களைவிட கிளாகோமா வாய்ப்பு ரெண்டரை மடங்குன்னு அதுல கண்டாங்க. நம்ம பக்கம் முப்பத்தஞ்சு நாப்பது வயசுலேயே கர்ப்பப்பையை எடுத்தவங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. சினைப்பையையும் சேர்த்து எடுத்தாங்களான்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதியிருக்கும், எடுத்துப் பாரு. ரெண்டு பக்கமும் எடுத்திருந்தா கண் டாக்டர்கிட்ட அதையும் சொல்லு. இதுக்காக யாரும் ஹார்மோன் மாத்திரை கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டாம். கருத்தடை மாத்திரையை வருஷக்கணக்கா எடுத்தவங்களுக்கு வாய்ப்பு லேசாக் கூடலாம்னு சில ஆய்வு சொல்லுது, அவ்வளவுதான். 

ஒரே ஒரு அபூர்வமான விஷயத்தைச் சொல்லாமப் போனா மனசு கேட்காது. மாதவிடாய் நின்னுபோய், கர்ப்பமும் இல்லாம மார்ல பால் கசிஞ்சு, கூடவே ரெண்டு கண்ணுலயும் வெளிப்பக்கப் பார்வை குறைஞ்சா, அது பிட்யூட்டரி சுரப்பியில கட்டியா இருக்கலாம். பார்வை குறையுறதால கிளாகோமான்னு நினைச்சுச் சொட்டு விட்டுக்கிட்டே காலம் போயிடும். புரோலாக்டின் ஹார்மோன் அதிகம்னு எந்த ரிப்போர்ட்லயாவது இருந்தா, அந்தக் காகிதத்தைக் கண் டாக்டர் மேஜையில வை.

திடீர்னு தாக்குற கிளாகோமா ஒண்ணு இருக்கு. ஹார்மோனுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனா ஐம்பது தாண்டின பொம்பளைங்களைத்தான் அதிகமாத் தாக்குதுங்கிறதால சொல்றேன். திடீர்னு ஒரு கண்ணு பிளக்கிற மாதிரி வலி, அந்தப் பக்கத் தலைவலி, வாந்தி, பல்பைச் சுத்தி வானவில் மாதிரி வளையம். சாயங்காலம் இருட்டுற நேரத்துல, ரெண்டாங்கட்டு மாதிரி வெளிச்சம் கம்மியான இடத்துல, கண்மணி விரியுறப்போ வரும். பித்தம்னு இஞ்சிச் சாறு கொடுத்து, ஒத்தத் தலைவலின்னு தைலம் தடவிப் படுக்க வச்சுடுவாங்க. விடியிறதுக்குள்ள நரம்பு கெட்டுப்போகலாம். அந்த ராத்திரியே கார் பிடி. ப்ளஸ் பவர் கண்ணாடி போடுறவங்களுக்குக் கண்ணு சின்னது, கோணம் குறுகல், வாய்ப்பு அதிகம். முன்கூட்டிக் கண்டுபிடிச்சா சில நிமிஷ லேசர்லேயே பெரும்பாலும் தடுத்துடலாம்.

சரி, எங்கே போறது? சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில கண் பிரிவு இருக்கு. மதுரையில அரவிந்த், 1976-ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது, இப்பவும் இலவசப் பிரிவு உண்டு. பள்ளிக்கூடத்துலயும் மண்டபத்துலயும் நடக்கிற முகாமுக்குப் போனா நல்லதுதான், ஆனா அங்கே முக்கியமாத் தேடுறது கண் புரையை. "புரை இல்லேன்னுட்டாங்க"ன்னு சொல்லிட்டு நிம்மதியா உட்காராதே.

போறப்போ ஒரு மஞ்சப்பையில எல்லாத்தையும் போட்டுக்கோ. தைராய்டு ரிப்போர்ட், சர்க்கரை ரிப்போர்ட், பழைய கண்ணாடி, ஆபரேஷன் சீட்டு, வீட்ல இருக்கிற சொட்டு, க்ரீம், இன்ஹேலர், நாட்டு மருந்து டப்பா உள்பட. நீ வாயால சொல்றப்போ க்ரீமை மறந்துடுவே, ட்யூப் மறக்காது. தைராய்டு டாக்டர் கண்ணைக் கேட்க மாட்டார், கண் டாக்டருக்குக் கூட்டம், உன் கர்ப்பப்பைக் கதையைக் கேட்க நேரம் இருக்காது. ரெண்டையும் இணைக்கிற ஆள் நீதான்.

ஓரப் பார்வை டெஸ்ட்ல ஒரு கண்ணை மூடிட்டு, புள்ளி வெளிச்சம் தெரியிறப்போ பட்டனை அமுக்கச் சொல்வாங்க. பாதிப் புள்ளி தெரியாது, அந்த டெஸ்ட்டே அப்படித்தான். பதறித் தேடாதே, நடுவுல பார்த்துக்கிட்டே இரு. முதல் தடவை எல்லாருக்கும் சுமாராத்தான் வரும், திரும்ப எடுக்கச் சொன்னா அலுத்துக்காதே. கண்ணை விரிக்கச் சொட்டு விட்டா சில மணி நேரம் மங்கலா இருக்கும், ஸ்கூட்டியில போகாம யாரையாவது கூட்டிட்டு பஸ்ஸுல போ.

சொட்டு மருந்து கொடுத்துட்டாங்கன்னா அது தினசரி வேலை, பெரும்பாலும் ஆயுசுக்கும். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. ரெண்டாவது சொட்டு கன்னத்துலதான் வழியும், காசுதான் வீண். கண்ணை மூடி, மூக்கை ஒட்டின மூலையை ரெண்டு நிமிஷம் விரலால அழுத்திப் பிடி. இல்லேன்னா மருந்து மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலக்கும். ரெண்டு வகைச் சொட்டு இருந்தா நடுவுல அஞ்சு நிமிஷம் விடு.

நம்மள மாதிரி ஹார்மோன் கேஸுக்குத்தான் இந்த அழுத்திப் பிடிக்கிறது ரொம்ப முக்கியம். டிமோலால்னு ஒரு சொட்டு உண்டு, விலை கம்மி, நிறையப் பேருக்கு எழுதுறது. அது உடம்புல கலந்தா, சர்க்கரை இறங்குறப்போ வர்ற படபடப்பு தெரியாமப் போகலாம். தைராய்டு ஏறினா வர்ற நெஞ்சுத் துடிப்பையும் மறைக்கலாம். இழுப்பு இருக்கிறவங்களுக்கும் நாடித் துடிப்பு மெதுவா இருக்கிறவங்களுக்கும் அது ஆகாது. அதனால டாக்டர் எழுதுறப்பவே சொல்லிடு. கர்ப்பமா இருந்தாலும், குழந்தைக்குப் பால் கொடுத்தாலும் சொல்லிடு. பிரிமோனிடைன்னு ஒரு சொட்டு, பால் வழியாப் போனா பச்சைக் குழந்தைக்கு மூச்சையே மந்தமாக்கலாம். லட்டனோபிராஸ்ட் மாதிரிச் சொட்டு விட்டா இமை மயிர் நீளமா, அடர்த்தியா வளரும். "என்ன மை போடுறே?"ன்னு கேட்பாங்க, சிரிச்சுட்டுப் போயிடு. கண்ணைச் சுத்தித் தோல் கருக்கவும் செய்யும், அதுக்கு அந்தக் கலர் க்ரீம் பக்கம் போகாதே.

தலைகீழா நிக்கிற சிரசாசனம் வேண்டாம், நிக்கிற நேரத்துல பிரஷர் ரெண்டு மடங்காகும். ஒரே மூச்சுல ஒரு சொம்புத் தண்ணி குடிக்கிறதும் கொஞ்ச நேரம் ஏத்தும், அதையே ரெண்டு மூணு தடவையாக் குடி. மத்தபடி நடை, வீட்டு வேலை எல்லாம் தாராளமாச் செய்யலாம்.

வீட்ல ஒருத்தருக்கு கிளாகோமான்னு தெரிஞ்சா, கூடப் பிறந்தவங்க, பிள்ளைங்க எல்லாருக்கும் வாய்ப்பு பல மடங்கு. தைராய்டைவிட, மாதவிடாயைவிட இது பெரிய காரணம். மலேசியாவுல இருக்கிற தம்பிக்கும், சென்னையில இருக்கிற தங்கச்சிக்கும் இன்னைக்கே போன் போடு. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வர்றப்போ பார்த்துக்கலாம்பாங்க. அங்கேயே, இந்த மாசமே பார்த்துட்டு ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.